நாற்பத்தேழாம் எண்ணில் இரண்டு பேர்

பதில் வந்தது. மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவைக்கு வரவில்லை, நான்காவதுக்கு வந்தது, ஐந்தும் ஆறும் வரவில்லை, ஏழாவதுக்குத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட ஆள் மாதிரி மெதுவாக வந்தது. இது என்ன கூத்து, இருந்தால் இரு, இல்லையென்றால் தொலை, இப்படி இருந்தும் இல்லாமலும் கண்ணாமூச்சி ஆடினால் மனுஷி என்னதான் செய்வாள் என்று வசுமதி திரையைப் பார்த்து முணுமுணுத்தாள். திங்கட்கிழமை காலை பத்து இருபது. திருச்சியில் அந்த ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில், ஜன்னலே இல்லாத சர்வர் அறையில், வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள் ஒருத்திதான். பத்தொன்பது வருஷமாக இந்தக் குளிர். எதிரே நிற்கும் இரும்பு அலமாரியில் கண்ணால் பார்த்தால் நாலே நாலு பெட்டிகள். ஆனால் அந்த நாலுக்குள்ளே ஐம்பத்தெட்டு மெஷின்கள் குடித்தனம் நடத்துகின்றன. மெய்நிகர் இயந்திரம் என்று எங்கோ அச்சில் பார்த்திருக்கிறாள், இங்கே அப்படி யாரும் சொல்வதில்லை, மெஷின்தான். கையால் தொட முடியாத, தூசி தட்ட முடியாத மெஷின். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், அதுதான் முகவரி. மருந்துக்கடை மெஷின் இருபத்தொன்று, எக்ஸ்ரே முப்பத்தாறு, லேப் ரிப்போர்ட் மெஷின் நாற்பத்தேழு. கீழே லேபில் ரத்தத்தைச் சோதிக்கிற கருவிகள் முடிவை நாற்பத்தேழுக்கு அனுப்பும், நாற்பத்தேழு அதை வார்டுகளுக்கு அனுப்பும். இன்று காலை ஏழு மணியிலிருந்து சிலருடைய ரிப்போர்ட் வருகிறது, சிலருடையது வரவில்லை. வராதது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் இருக்கிறாயா என்று நாற்பத்தேழைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஐ.டி. தலைவர் எட்வின் சார் காலையிலிருந்து நாலு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டார். நாலாவது தடவை உள்ளேயே வந்து நின்றார். "மேடம், இது சாதிக் பண்ணிட்டுப் போன வேலைதானே?" என்றார். இன்னும் பார்க்கவில்லை சார் என்றாள். "பாருங்க, நல்லாப் பாருங்க. அவனோட ரிலீவிங் லெட்டர் என் மேசையிலதான் கிடக்குது. இன்னைக்கு அங்க சேரணுமாம், பன்னெண்டு மணிக்குள்ள லெட்டர் போகலன்னா பெங்களூர்க்காரன் உள்ளயே விடமாட்டானாம். காலைல எட்டரைக்கு நான் போன் போட்டுக் கேட்டேன், தெரியல சார்ங்கிறான். தெரியலயாம்! இது அவன் பண்ணின கூத்துன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன், சொல்லிட்டேன். உசுரோட விளையாடற விஷயம் இது." சொல்லிவிட்டுப் போய்விட்டார். கதவு தானாக மூடிக்கொண்டது. எட்வின் சார் கெட்டவர் இல்லை, கோபம் வந்தால் காது சிவந்துபோகும், அவ்வளவுதான். இன்றைக்கு இரண்டு காதும் சிவந்திருந்தன.

சாதிக் பாட்சா ஆறு வருஷம் அவளுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவன், வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டுப் போனவன். பாலக்கரைக்காரன். முப்பத்துநாலு வயதாகியும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்கிறவன். இப்ப இதை மூடறேன், இப்ப அதைத் திறக்கறேன், அக்கா பாத்துக்குங்க, இப்ப ஒயரைப் பிடுங்கறேன். வாய் ஓயாதாடா உனக்கு என்று எத்தனை தடவை அவள் திட்டியிருப்பாள். நாற்காலி இப்போது காலியாக இருக்கிறது, அதன்மேல் யாரோ பழைய கீபோர்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், மூன்று நாளில். இந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வேலையை விட்டுப் போனால் அடுத்த ஆறு மாதத்துக்கு இங்கே நடக்கிற எல்லாப் பாவமும் அவன் கணக்கில்தான். பிரிண்டர் பேப்பரைக் கடித்ததா, சாதிக்குக்கு முன்னால் வேலையை விட்டுப் போன குமரேசன் போட்டுட்டுப் போன செட்டிங். கேன்டீன் டோக்கன் மெஷின் தப்பாகக் கூட்டியதா, குமரேசன். மழையில் கூரை ஒழுகினபோதுகூட யாரோ குமரேசன் என்றார்கள், எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். குமரேசனே ஒருநாள் பார்க்க வந்து, என்ன இன்னைக்கு நான் என்னத்தைக் கெடுத்தேன் என்று கேட்டான். யாருக்கும் கஷ்டமில்லாத பழக்கம். போனவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, இருப்பவன் தப்பித்தான், டாக்டர்களுக்கும் ஒரு பதில் கிடைத்தது. அவளும் சொல்லியிருக்கிறாள், ஒரு தடவையா இரண்டு தடவையா. குமரேசன் போகும்போது லெட்டரைக் கையில் வாங்கிக்கொண்டு போனான். சாதிக் வாங்காமல் போய்விட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எட்வின் சார் மீட்டிங்கில் இருந்தார், திங்கட்கிழமை மெயிலில் அனுப்பறேன் போய்ட்டு வாப்பா என்றார், இவனும் சிரித்துக்கொண்டே போனான். அவன் பெண்டாட்டி நஸ்ரீன் ஒரு வாரம் முன்னாலேயே அங்கே போய் வீடு பிடித்து, பிள்ளையை யு.கே.ஜி.யில் சேர்த்தாகிவிட்டது.

சரி, வேலையைப் பார். வயர் பிரச்சினையா என்று பார்த்தாள், இல்லை. எல்லா வயரும் வந்து சேர்கிற ஸ்விட்ச் பெட்டி தடுமாறுகிறதா, இல்லை. பக்கத்து எண்கள் நாற்பத்தாறும் நாற்பத்தெட்டும் சமர்த்தாகப் பதில் சொல்கின்றன, இது ஒன்றுக்குத்தான் பிசாசு பிடித்திருக்கிறது. முகவரி என்பது நாம் வைக்கிற எண், மாற்றிக்கொள்ளலாம். அதற்கு அடியில் ஒவ்வொரு மெஷினுக்கும் கூடவே பிறந்த நீளமான எண் ஒன்று உண்டு, உடம்பு மச்சம் மாதிரி. எந்த முகவரியில் எந்த மச்சக்காரன் குடியிருக்கிறான் என்று ஒரு பட்டியல் தானாக எழுதிக்கொண்டிருக்கும். அதைத் திறந்தாள். நாற்பத்தேழுக்கு நேரே ஒரு எண் இருந்தது, முடிவில் இ-மூன்று. சரிதான், அது லேப் மெஷின்தான், அவளுக்கு மனப்பாடம். கையைத் தேய்த்துக்கொண்டு மறுபடி திறந்தாள். நாற்பத்தேழுக்கு நேரே வேறு எண் இருந்தது, முடிவில் ஒன்பது-ஏ. மறுபடி, இ-மூன்று. மறுபடி, ஒன்பது-ஏ. அட கடவுளே. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. தபால்காரன் ஒருநாள் இங்கே போடுகிறான், ஒருநாள் அங்கே போடுகிறான். வராத ரிப்போர்ட்டெல்லாம் காற்றில் கரையவில்லை, அந்த இன்னொரு வீட்டுக்குள் போய் விழுந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்ததில் ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது, பத்தொன்பது வருஷத்தில் எத்தனை தடவை வந்த சந்தோஷம், பிடிபட்டுவிட்டாயடா திருட்டுப்பயலே என்று. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னாலேயே வேறு ஏதோ ஒன்று தொற்றிக்கொண்டு வந்தது, அது என்னவென்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முள் தைத்த இடத்தில் பாதத்தை ஊன்றாமல் நடப்பது மாதிரி அந்த நினைப்பின் ஓரமாகவே நடந்தாள்.

போன் அடித்தது. மூன்றாவது வார்டு சிஸ்டர் மேரி புஷ்பம். "மேடம், அந்தக் குழந்தை ரிப்போர்ட் இன்னும் வரலயே. ஒன்றரை வயசுப் பிள்ளை, டெங்குவான்னு பாக்கறோம். லேப்ல கேட்டா அனுப்பிட்டோம்ங்கிறாங்க, எங்களுக்கு வரல. திரும்ப ரத்தம் எடுக்கச் சொல்றாரு டாக்டர். நரம்பே கிடைக்கல மேடம் அதுக்கு, காலைல மூணு இடத்துல குத்தியாச்சு. அந்த அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவுது. எடுக்கவா, வேணாமா, நீங்களே சொல்லுங்க." பத்து நிமிஷம் சிஸ்டர், குத்தாதீங்க, பத்தே நிமிஷம் என்றாள் வசுமதி. குரல் சாதாரணமாகத்தான் வந்தது. போனை வைத்த பிறகு விரல் நுனிகள் விறைத்திருந்தன, குளிரினாலா என்று ஊதிப் பார்த்தாள். குழந்தையின் கை எப்படி இருக்கும், புறங்கையில் பஞ்சு ஒட்டி, பிளாஸ்டர் ஒட்டி, அது பிளாஸ்டரையே பார்த்துக்கொண்டிருக்கும். சீக்கிரம், சீக்கிரம். ஐம்பத்தெட்டு மெஷின்களின் பட்டியலை விரித்து ஒவ்வொன்றாக மச்சத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இருபது, இருபத்தைந்து, நாற்பது. ஐம்பத்தேழாவதில் ஒன்பது-ஏ இருந்தது. பெயர்: டெஸ்ட் டெம்ப் இரண்டு. தற்காலிகம் என்று பெயர் வைத்த எதுவும் இங்கே தற்காலிகமாக இருந்ததே இல்லை. லேப் மெஷினின் நகல் அது, போன புதன்கிழமை எடுத்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை கரண்ட் வேலை நடந்து எல்லாப் பெட்டிகளையும் நிறுத்தி இன்று விடியற்காலையில் மறுபடி போட்டார்களே, அப்போது தூங்கிக்கிடந்த இதுவும் மற்றதோடு சேர்ந்து எழுந்துவிட்டது. எழுந்ததும் தன் நெற்றியில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து நான்தான் நாற்பத்தேழு என்று உட்கார்ந்துவிட்டது, அதன்மேல் என்ன தப்பு, எழுதியவர்கள்மேல்தான் தப்பு. எழுதியது யார். உருவாக்கியவர் என்ற இடத்தில் அட்மின் என்று இருந்தது, புதன்கிழமை மாலை நாலு ஐம்பத்திரண்டு.

அட்மின். அது ஆளே இல்லை. ஐ.டி.யில் இருந்த நாலு பேருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, யாரும் எந்தக் கம்ப்யூட்டரிலும் உட்காரலாம். ஆளுக்கொரு லாகின் வையுங்கள் என்று தணிக்கைக்கு வந்தவர்கள் வருஷா வருஷம் எழுதிவிட்டுப் போவார்கள், செய்யறோம் என்று இவர்களும் வருஷா வருஷம் எழுதிக் கொடுப்பார்கள். அவசரத்தில் யாருடைய பாஸ்வேர்டைத் தேடிக்கொண்டிருப்பது, டாக்டர் கத்துவார், ஒன்றே போதும் என்று விட்டுவிட்டார்கள். ஆக இந்த உலகத்தில் எந்தக் காகிதத்திலும், எந்தத் திரையிலும், இதைச் செய்தது யார் என்று இல்லை. சாதிக்காக இருக்கலாம். தினகரனாக இருக்கலாம், அவன் புதன்கிழமை லீவு, ஆகவே இல்லை. ரேவதி மதியமே போய்விட்டாள். சாதிக்காக இருக்கலாம். அவன்தானே எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பவன், போகிற அவசரம் வேறு. சாதிக்காக இருக்கலாம் என்று மூன்றாவது தடவை நினைத்தபோது அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஏனென்றால் புதன்கிழமை நாலு ஐம்பத்திரண்டு அவளுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. ரிப்போர்ட் மென்பொருளின் புதுப் பதிப்பைச் சோதித்துப் பார்க்க ஒரு நகல் எடுத்தவள் அவள். இந்தக் கை. நகல் எடுத்தால் பழையதன் முகவரியும் ஒட்டிக்கொண்டு வரும், அதை மாற்றிவிட்டுத்தான் எழுப்பவேண்டும், நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். அவளும் மாற்றத்தான் போனாள். அதற்கு முன்னால் வழக்கம்போல் நாற்பத்தேழுக்கு ஒரு பிங் போட்டாள், யாராவது இருக்கிறார்களா என்று. பதில் இல்லை. நாலு தடவை தட்டினாள், நாலுக்கும் இல்லை. ஓஹோ, லேப் மெஷினைப் புது எண்ணுக்கு மாற்றவேண்டும் என்று போன மாதம் மீட்டிங்கில் பேசினோமே, சாதிக் மாற்றிவிட்டான்போல, அப்படியென்றால் இந்த எண் காலி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள், சோதனையை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று நகலை எழுப்பாமல் தூங்கவிட்டாள். முகவரிகளை எழுதிவைக்கிற எக்செல் பட்டியலைத் திறந்து பார்த்திருக்கலாம். பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்து ஏண்டா மாத்திட்டியா என்று கேட்டிருக்கலாம், ஒரு முழம் தூரம்தான். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற முட்டாள்தனம் இது, கூப்பிட்டுப் பார்த்து, குரல் வரவில்லையென்றால் வீடு காலி என்று பூட்டை உடைத்துக் குடியேறுவது.

அதோடு நின்றால் பரவாயில்லை. முள் இன்னும் ஆழத்தில் இருந்தது. அவன் சொன்னான். இப்போது, திங்கட்கிழமை பத்து ஐம்பதுக்கு, அந்தக் குரல் அவள் காதுக்குள் அட்சரம் பிசகாமல் கேட்டது: அக்கா, லேப் மெஷின ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்றேன், பத்து நிமிஷம் இருக்காது, பாத்துக்குங்க. அவள் தலையாட்டினாள். தலையாட்டியதும் ஞாபகமிருக்கிறது, காதில் போன் இருந்ததால் தோளை உயர்த்திக்கொண்டு கோணலாக ஆட்டினாள். அவன் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். அப்படி யாரிடம் பேசிக்கொண்டிருந்தோம், எந்த ராஜாங்க விஷயம் அது என்று யோசித்தாள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா. பையன் ஏதாவது வம்பை இழுத்துவிட்டானா. அப்படி ஏதாவது இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு நிமிஷம் ஏங்கினாள், பெரிய காரணம் ஒன்று இருந்தால் மனசுக்கு ஒரு பிடி கிடைக்கும். இல்லை. சிலிண்டர் போடுகிற ஆள். கதவு பூட்டியிருக்கு, பக்கத்து வீட்டுல இறக்கிட்டுப் போறேன், ஓ.டி.பி. சொல்லுங்கக்கா. நாலு எண்கள். அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, மெசேஜைத் திறந்து, நாலு எண்களைச் சொல்லி, சரியா என்று கேட்டு, மறுபடி சொன்னாள். அந்த நாலு எண்களுக்கு நடுவில் சாதிக் சொன்னது விழுந்து காணாமல் போனது. இதைப் போய் யாரிடம் சொல்வது, என்னவென்று சொல்வது.

யாரிடமும் சொல்லவேண்டாமே. நினைப்பு மெல்லத்தான் வந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற விருந்தாளி மாதிரி. டெஸ்ட் டெம்ப் இரண்டின்மேல் வலது பக்கம் ஒரு சொடுக்கு, கடைசி வரியில் அழி என்று இருக்கிறது. நிச்சயமாகவா என்று கேட்கும், ஆமாம் என்றால் போதும். ஒரு நொடியில் மச்சம், நெற்றியெழுத்து, எல்லாம் போய்விடும். நாற்பத்தேழு மறுபடி ஒற்றை ஆளாகிவிடும். என்ன ஆயிற்று மேடம் என்று கேட்டால், ஸ்விட்ச் கொஞ்சம் தடுமாறியது சார், சரிபண்ணிட்டேன். வசுமதி மேடம் கைபட்டா தப்பாது என்பார்கள், வழக்கமாகச் சொல்வதுதான். யார் தலையும் உருளாது, சாதிக்கின் லெட்டரும் போய்விடும், எல்லோருக்கும் நல்லது. சுட்டி அதன்மேல் போய் நின்றது. அவள் விரல்தான் நிறுத்தியது. ஆனால் உள்ளே ரிப்போர்ட்டுகள் கிடக்கின்றனவே. திறந்து எண்ணினாள், முப்பத்தேழு. பெயர் பெயராக, வயது வயதாக. ரங்கநாயகி அறுபத்திரண்டு. ஜமால் முகமது நாற்பது. பேபி ஆஃப் செண்பகவல்லி, ஒன்றரை. இவற்றை எடுத்து வார்டுக்கு அனுப்பினால், காலை ஏழே முக்காலுக்கு வந்தது எங்கே இருந்தது இவ்வளவு நேரம் என்று லேப் டாக்டர் கேட்பார், கேட்டால் இந்த மெஷினைக் காட்டவேண்டும், காட்டினால் புதன்கிழமை நாலு ஐம்பத்திரண்டு அட்மின் என்பது தெரியும், தெரிந்தால் அட்மின் யார் என்று எட்வின் சார் கேட்பார். கேட்க மாட்டார். அவருக்கு ஏற்கெனவே பதில் தெரியும். போனவன்.

யோசிப்பதற்கு முன்னால் கை ஓடியது. நகலின் நெட்வொர்க் இணைப்பை மட்டும் துண்டித்தாள், அழிக்கவில்லை. பிங் போட்டாள்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அத்தனைக்கும் பதில். முப்பத்தேழு ரிப்போர்ட்டையும் எடுத்து லேப் மெஷினுக்குள் போட்டு வார்டுகளுக்குத் தள்ளினாள். புஷ்பம் சிஸ்டரைக் கூப்பிட்டாள். "வந்துடுச்சு மேடம், வந்துடுச்சு! டெங்கு இல்லயாம், நெகட்டிவ். அந்த அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன், வச்சிடறேன்." வைத்துவிட்டாள். சரி, குழந்தையை இனிமேல் குத்த மாட்டார்கள். அவ்வளவு நல்லது நடந்தது. இனி பாக்கி இருப்பது ஒன்றே ஒன்று, பதினொன்று பத்து ஆகிறது, பன்னிரண்டுக்குள் ஒரு கையெழுத்து. அவள் எழுந்திருக்கவில்லை. உறையூர் வீட்டு மோட்டார் எங்கிருந்தோ ஞாபகத்துக்கு வந்தது. கல்யாணமான புதுசு, கூட்டுக் குடும்பம், மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் காயப்போட்டிருந்த வடகமெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்த மறந்தது வசுமதி. மாமியார் கேட்டது கொழுந்தன் மனைவி திலகாவை. நான் போடவே இல்லத்தே என்று திலகா சத்தியம் செய்தாள், யாரும் நம்பவில்லை, இவள் அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த நிமிஷம் சொல்லிவிடலாம் என்றுதான் நின்றாள். அடுத்த நிமிஷம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, சாப்பிட உட்கார்ந்தார்கள், திலகா சாப்பிட வரவில்லை. மறுநாள் சொன்னால் ஏன் நேற்றே சொல்லவில்லை என்பார்கள், மறுவாரம் சொன்னால் ஒரு வாரமாக மறைத்தாயா என்பார்கள். மோட்டார் சின்னக் குற்றம். மறைத்தது நாளுக்கு நாள் வளர்ந்து சொல்லவே முடியாத குற்றமாகிவிட்டது. இருபது வருஷமாகிறது. திலகா இன்றைக்கும் தீபாவளிக்கு வந்தால் சிரித்துத்தான் பேசுகிறாள். ஆனால் அந்த வீட்டில் இருந்தவரை ஒருநாளும் அவள் மோட்டார் பொத்தானைத் தொடவில்லை.

பயம்தான், வேறென்ன. நாற்பத்துநாலு வயதில் இன்னொரு இடத்தில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்ற பயம் ஒருபுறம் இருந்தாலும், அதைவிடப் பெரிய பயம் வெட்கங்கெட்டது, சின்னத்தனமானது: வசுமதி மேடமா, வசுமதி மேடமா இதைச் செய்தது என்று கேன்டீனில் பேசுவார்களே, ரேவதி வாயைப் பொத்திக்கொள்வாளே, தினகரன் பரவாயில்ல மேடம் யாருக்கும் வரும் என்று பெரிய மனுஷன் மாதிரி ஆறுதல் சொல்வானே. அந்த ஆறுதலை எப்படித் தாங்குவது. முகவரிப் பட்டியலை எழுதாமல் போனதற்காக அதே தினகரனை இரண்டு வருஷம் முன்னால் எல்லோர் முன்னாலும் அவள் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறாள். தண்ணீர் குடித்தாள். தண்ணீர் பல்லில் கூசியது. ஒருவேளை எட்வின் சாரே மனம் இளகி இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்பார். போட்டிருந்தால் எதற்குப் போய் வாயைக் கொடுக்கவேண்டும். போய்ப் பார்ப்போம், போட்டிருந்தால் சும்மா வந்துவிடலாம் என்று அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான், உள்ளதைச் சொன்னால், அவள் எழுந்தாள். வீரமாக ஒன்றும் எழுந்திருக்கவில்லை. ஸ்வெட்டரைக் கழற்ற மறந்து வராந்தா வெயிலில் நடந்தாள், கழுத்தெல்லாம் வேர்த்தது.

எட்வின் சாரின் மேசையில் லெட்டர் கிடந்தது. கையெழுத்து இடம் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் இன்னொரு தாள், சம்பவ அறிக்கை, பொறுப்பு என்ற கட்டத்தில் மூடி திறந்த பேனா நின்றுகொண்டிருந்தது. "சரியாயிடுச்சாமே, வார்டுலேருந்து சொன்னாங்க. தேங்க்ஸ் மேடம். என்னவாம்?" என்றார். நகல் மெஷின் சார், ஒரே முகவரி, புதன்கிழமை சாயங்காலம் எடுத்தது என்றாள். வாக்கியம் அங்கே முடியவில்லை, யார் எடுத்தது என்ற பாதி இன்னும் தொண்டையில் இருந்தது, ஆனால் அவர் அதற்குள் தலையை ஆட்டிவிட்டார். "புதன்கிழமை. நான் நினைச்சேன். போற அவசரத்துல போட்டுட்டுப் போயிருக்கான். இருங்க, அவன் வாயாலயே கேட்டுடுவோம், நாளைக்கு நான் பழி போட்டேன்னு சொல்லக்கூடாது." போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஒரு தடவை மணி அடித்து முடிவதற்குள் சாதிக் எடுத்துவிட்டான், கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருப்பான். "சார், சொல்லுங்க சார்." பின்னால் யாரோ இங்கிலீஷில் பெயர் கூப்பிடும் சத்தமும் கண்ணாடிக் கதவு மூடும் சத்தமும் கேட்டன. "தம்பி, புதன்கிழமை லேப் மெஷினுக்கு ஒரு நகல் எடுத்தியா? நாலு ஐம்பத்திரண்டுக்கு. அதே நம்பர்ல விட்டுட்டுப் போயிருக்க. அதான் இன்னைக்கு எல்லாத்தையும் கெடுத்துச்சு. உள்ளதைச் சொல்லு."

அந்தப் பக்கம் அவன் யோசிப்பது கேட்டது. வசுமதி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று சொல்லுடா. நான் எடுக்கவில்லை, அக்காதான் ஏதோ சோதித்துக்கொண்டிருந்தார்கள், நான் ரீஸ்டார்ட் பண்ணுகிறேன் என்று அவர்களிடம் சொன்னேன் என்று சொல்லு, ஒரு வார்த்தை, நான் ஆமாம் என்கிறேன், அவ்வளவு போதும் எனக்கு, என்னை நீயே பிடித்துக் கொடுத்துவிடு. அவன் சொன்னான்: "ஞாபகம் வரல சார். அன்னைக்கு லேப் மெஷின ரீஸ்டார்ட் பண்ணினேன், அது தெரியுது. நகல் எடுத்தேனான்னு... நாலஞ்சு வேலை ஒண்ணாப் பாத்தேன் சார் அன்னைக்கு. நானா இருக்கலாம் சார்." எட்வின் சார் அவளைப் பார்த்து, பார்த்தீர்களா என்று புருவத்தை உயர்த்தினார். பேனா தாளைத் தொட்டது. சா என்ற எழுத்தின் முதல் வளைவு விழுவதை அவள் பார்த்தாள்.

"நான் சார்" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை போலிருந்தது, அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "நான்தான் எடுத்தேன். இவன் இல்ல. ரீஸ்டார்ட் பண்றேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் பண்ணினான், நான் தலையாட்டினேன், காதுல வாங்கல. எண் காலியா இருக்குன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். பட்டியலப் பாக்கல. இன்னைக்குக் காலைல மெஷின் பட்டியல்ல அந்த நகலோட பேரைப் பாத்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார். அரை மணி நேரமா உக்காந்திருந்தேன். அதையும் எழுதிக்குங்க." எட்வின் சார் அவளையே பார்த்தார். காது சிவக்கவில்லை, அவருக்கு என்ன முகம் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "மேடம்... நீங்களா?" என்றார், அவள் பயந்த அதே கேள்வி, அதே ராகத்தில். பிறகு குரலைத் தாழ்த்தி, போனை ஒரு கையால் பாதி மூடிக்கொண்டு, "அவன்தான் ஒத்துக்கிட்டானே. லெட்டர வேணா நான் போட்டுக் குடுத்துடறேன், இது நம்மளோட இருக்கட்டுமே" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எழுதிக்குங்க சார் என்றாள் மறுபடி. அவர் பெருமூச்சு விட்டு, விழுந்த வளைவை அடித்துவிட்டுத் தாளை அவள் பக்கம் தள்ளினார். அவளே தன் பெயரையும் பணியாளர் எண்ணையும் எழுதினாள். அவர் லெட்டரை இழுத்துக் கையெழுத்துப் போட்டு, செல்போனில் படம் பிடித்து அனுப்பினார். பதினொன்று முப்பத்தைந்து.

போன் இன்னும் திறந்தே இருந்தது. சாதிக் வைக்கவில்லை. வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. "சாதிக், லெட்டர் வந்துடுச்சா பாரு" என்றாள். "வந்துடுச்சுக்கா" என்றான். தாங்க்ஸ்க்கா என்று சொல்வான், பரவாயில்லக்கா என்று சொல்வான், அக்கா நீங்க ஏங்க்கா என்று கேட்பான், எதைச் சொன்னாலும் தாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். அவன் சொன்னது வேறு. "சார் எட்டரைக்குப் போன் பண்ணினதுலேருந்து நான்தான் பண்ணிட்டேன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேங்க்கா. லெட்டர் போனாப் போவுது. வார்டுல யாராச்சும் செத்துட்டாங்களான்னு கேக்கப் பயமா இருந்துச்சு. அதான் நான் திரும்பக் கூப்பிடவே இல்ல." குரல் உடைந்தது, ஆனால் அவன் அழவில்லை. "யாரும் சாவலல்லக்கா?"

"யாரும் சாவல" என்றாள் வசுமதி. "யாருக்கும் ஒண்ணும் ஆகல சாதிக்." அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை, அந்தப் பக்கம் யாரோ அவன் பெயரைக் கூப்பிட்டார்கள், அவன் சரி என்றோ யெஸ் என்றோ சொன்னான், நாற்காலி நகர்ந்தது. எட்வின் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இணைப்பு துண்டிக்கப்பட்ட பிறகும் அவள் போனைப் பார்த்து இன்னொரு தடவை, யாருக்கும் ஒண்ணும் ஆகலடா என்றாள்.